காக்காவின் பெயரில் போட்ட ஊசி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது. தொண்டையைச் செருமி, சுற்றி வளைத்து, கடைசிப் பக்கத்தில் சொல்கிற உத்தேசம் எனக்கு இல்லை. கொஞ்சக் காலம் அப்படித்தான் மறைத்துத் திரிந்தேன். மறைத்ததில் வைரசுக்குத்தான் லாபம்.

நான் குறிஞ்சாக்கேணியில் படகு எஞ்சின் திருத்துகிற ஆள். தொழில் தெரிந்த மேஸ்திரியை எங்கள் பக்கம் பாஸ் என்போம்; எஞ்சின் பாஸ் என்றால் கிண்ணியாவில் பாதிப் பேருக்குத் தெரியும்; மிச்சப் பாதிப் பேரின் எஞ்சின் என் பட்டறையில் கிடக்கும், அவர்களுக்கும் தெரியும். உப்புத் தண்ணீர் குடித்துச் செத்த எஞ்சினை உயிர்ப்பிக்கிறவன் என்று எனக்கு ஒரு பெயர். அந்தப் பெயர் தலைக்கேறித்தான் என் சொந்த எஞ்சினை நானே கழற்றிப் போட்டேன்.

கதை பள்ளிவாசல் இரத்ததான முகாமில் தொடங்குகிறது. எங்கள் காக்கா, அதாவது என் மூத்த சகோதரர், ஆறடி உயரம், மாட்டை மடக்கிப் பிடிக்கிற கை. ஊசியைக் கண்டால் மட்டும் நிறம் மாறிவிடுவார். அவரைச் சீண்டுவதற்காகவே நான் முன்வரிசையில் போய்ப் படுத்துக் கையை நீட்டினேன். ஒரு பால் பக்கட்டும் இரண்டு பிஸ்கட்டும் தந்தார்கள். வாசலில் நின்ற காக்காவுக்கு ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, வீரனின் எச்சம் என்றேன்.

ஒரு கிழமை, இரண்டு கிழமை என்று சில வாரம் போய், இரத்த வங்கியிலிருந்து கடிதம் வந்தது. நேரில் வந்து சந்திக்கவும் என்று இருந்தது. பரிசு கொடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று என் மனைவி பரீதா சட்டையை அயன் பண்ணித் தந்தாள். அயன் பண்ணிய சட்டையோடு போய் உட்கார்ந்தேன். உங்கள் இரத்தத்தை யாருக்கும் ஏற்றவில்லை, அதில் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருக்கிறது என்றார்கள். அந்தச் சட்டையை இன்றுவரை நான் போடுவதில்லை.

இந்த வருத்தத்தை, அதாவது நோயை, எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். ஈரல் அழன்று வீங்குகிற நோய்க்கு ஹெபடைடிஸ் என்று பெயர். அதைச் செய்கிற வைரஸ்கள் பல உண்டு, பி அதில் ஒன்று. அது இரத்தத்தாலும் புருஷன் பெண்சாதி உறவாலும் வரும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். ஒருவர் சவரம் செய்த பிளேட்டை இன்னொருவர் எடுத்தாலும் வரலாம். சோற்றால் வராது. தண்ணீரால் வராது. கை கொடுத்தால், கட்டிப் பிடித்தால், ஒரே பீங்கானில் சாப்பிட்டால் வராது. கடைசியில் சொன்னதை ஞாபகம் வைத்திருங்கள், இந்தக் கதை அதில்தான் வந்து நிற்கும்.

எனக்கு எப்படி வந்தது என்று தெரியாது. பிறக்கும்போதே வந்திருக்கலாம், பழைய சலூன் பிளேட்டில் வந்திருக்கலாம். அதைத் தோண்டுவதை விட்டுவிட்டு இருக்கிற ஈரலைப் பாருங்கள் என்றார் டொக்டர். நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் பார்த்த இளம் பெண் டொக்டர் அவர், பாலையூற்றில் வாடகை வீட்டில் இருந்தார். என்னைவிட இருபது வயது குறைவு, பொறுமை என்னைவிட இருநூறு மடங்கு கூட. ஸ்கான் எடுத்தார்கள். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கக் கொழும்புக்கு அனுப்பினார்கள். ஈரல் அடிபட்டால் இரத்தத்துக்குள் கசிகிற நொதியம் ஒன்று உண்டு, அதையும் அளந்தார்கள். மூன்றும் என்னை ஏசின. நாளுக்கு ஒரு குளிசை, மாத்திரைதான், வருஷக் கணக்கில், ஒருவேளை ஆயுள் முழுக்க. இந்தக் குளிசை வைரசைக் கொல்லாதாம். அது பெருகாமல் கையைக் கட்டி வைக்குமாம். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணிக்கு என்று நேரம் குறித்தேன், போனில் அலாரம் வைத்தேன்.

வீட்டாரையும் கூடப்பிறந்தவரையும் சோதிக்க வேண்டும் என்றார் டொக்டர். மகள் ஹஸ்னாவுக்குப் பயமில்லை. குழந்தையில் போட்ட தடுப்பூசிகளில் இதுவும் ஒன்று. அந்த அட்டையை இருபத்திரண்டு வருஷமாக அலுமாரிக்குள், எங்கள் கல்யாணப் பதிவுத் துண்டுக்கும் மேலே, பொலித்தீன் பையில் பரீதா வைத்திருந்தாள். அன்று ஊசி போட்ட நேரம் ஹஸ்னா போட்ட கூச்சலில் நான் கிளினிக்கைவிட்டு வெளியே ஓடியது எனக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கூச்சல்தான் இன்று அவளைக் காக்கிறது. பரீதாவுக்கும் காக்காவுக்கும் வருத்தம் இல்லை, ஆனால் பாதுகாப்பும் இல்லை. இரண்டு பேருக்கும் மூன்று முறை ஊசி போட வேண்டும்.

இதையெல்லாம் நாங்கள் ஊருக்கு மூச்சுவிடவில்லை. காரணம் ஹஸ்னாவின் கல்யாணம். மூதூரில் நல்ல இடம், பேசி முடித்தாயிற்று. எங்கள் கல்யாணச் சாப்பாடு சஹனில்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பெரிய வட்டத் தட்டு, நடுவில் குவித்த நெய்ச்சோறு, உச்சியில் பொரித்த கோழி, சுற்றிவர ஆறு பேர், ஆறு கை. மாப்பிள்ளை உட்காருகிற முதல் சஹனில் அவருடைய வாப்பாவும் பெண்ணின் வாப்பாவும் உட்காருவது எங்கள் குடும்பத்து வழக்கம். அந்த இடத்தில் உட்காருவதற்காகத்தான் ஒரு மனிதன் பெண்பிள்ளை பெறுகிறான் என்று நான் சொல்லித் திரிந்தவன். எனக்கு இந்த வருத்தம் என்று தெரிந்தால் யார் என்னோடு கை வைப்பார்கள்? வராது என்று டொக்டர் சொல்வார். டொக்டரைச் சஹனுக்குச் சஹன் கூட்டிக்கொண்டு திரிய ஏலுமா?

இனி என் பெருமைக்குரிய முட்டாள்தனம்.

ஊசி போடுகிற நாள் நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். ஊசி மருந்து இரண்டுக்கும் பணம் கட்டி, பெயர் போட்டுத் துண்டுச் சீட்டும் எழுதியாயிற்று. பரீதா உள்ளே போனாள். காக்காவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்தது. மோட்டார் சைக்கிளை நிழலுக்கு மாற்றிவிட்டு வருகிறேன் என்று எழும்பினார். அந்த நிழல் குறிஞ்சாக்கேணியில் இருந்தது போல, மனிதர் திரும்பவே இல்லை. அவருடைய பெயரை இரண்டு முறை கூப்பிட்டார்கள். மருந்தை எடுத்து ஊசிக்குள் ஏற்றியாயிற்று என்று தாதி மிஸ்ஸி எட்டிப் பார்த்தார்.

பட்டறைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. போத்தலில் மிஞ்சின ஒயிலை வீசமாட்டான். துண்டை எடுத்துக்கொண்டு, காக்காவாக உள்ளே போனேன். பயமா என்று மிஸ்ஸி கேட்டார். பயம் எல்லாம் தம்பிக்குத்தான் என்று சொல்லிச் சட்டைக் கையைச் சுருட்டினேன். இப்படியாக ஹெபடைடிஸ் பி உள்ள ஒருவன், ஹெபடைடிஸ் பி வராமல் இருக்கிற ஊசியை, அது இல்லாதவரின் பெயரில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

அதோடு நின்றிருந்தால் பிழையில்லை. இருக்கிறவனுக்கு அந்த ஊசியால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் திரும்பி வருகிற வழியில், பாலத்தில் காற்று முகத்தில் அடிக்க, எனக்கு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

என் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு: ஒரு எஞ்சினில் இரண்டு பாஸ் கை வைக்கக் கூடாது. ஒருவன் டைமிங்கை முன்னே தள்ளுவான், மற்றவன் பின்னே இழுப்பான், இரண்டு பேருக்கும் நடுவில் எஞ்சின் கருகும். வேறு ஆள் தொட்ட எஞ்சினை நான் தொடவே மாட்டேன். அப்படியானால் என் ஈரலில் இப்போது ஊசி என்கிற பாஸும் குளிசை என்கிற பாஸும் இருக்கிறார்கள் அல்லவா? இரண்டும் மோதினால் நான் கருகிப் போவேன் அல்லவா? ஊசி பெரிய பாஸ், ஒருமுறை வந்து வேலையை முடிக்கிற ஆள். குளிசை சின்னப் பையன் மாதிரி, தினமும் கூப்பிட வேண்டும். பையனை நிறுத்திவிட்டேன்.

கொரோனாக் காலத்திலும் தேத்தண்ணிக் கடையில் இதே வாதம் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குளிசை வருகிறதாம், இனி ஊசி எதற்கு என்று ஒரு கட்சி. ஊசி போட்டாயிற்று, இனி மருந்து எதற்கு என்று ஒரு கட்சி. நான் இரண்டு கட்சிக்கும் பேசி இரண்டு பேரிடமும் தேத்தண்ணி குடித்தவன். அந்தப் பாவமாகவும் இருக்கலாம்.

பரீதா குளிசை அட்டையைத் தினமும் பார்ப்பாள். அதனால் நாளுக்கு ஒன்றாக உடைத்து, வாயில் வைக்கிற மாதிரிக் காட்டி, பட்டறையில் வெறும் ஸ்பார்க் பிளக் பெட்டி ஒன்றுக்குள் போட்டுவந்தேன். ஒரு மணி அலாரம் அடிக்கும், பெட்டி மூடி திறக்கும், குளிசை விழும், பெட்டி மூடும். வைரசுக்கு நானே பகல் சாப்பாடு வைத்துக்கொடுத்தேன்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு காலை, எஞ்சின் கயிற்றை இழுத்தேன், கை வரவில்லை. மறுபடி இழுத்தேன், நான் நிலத்தில் குந்திவிட்டேன். மூத்திரம் பால் விடாத பிளேன்டி நிறத்தில் போனது. எஞ்சின் எடுக்க வந்த மீன்காரன் ஒருவன் என் முகத்தைப் பார்த்து, பாஸ், கண்ணுக்குள்ள என்ன ஒயில் ஊத்தியிருக்கீங்க என்று கேட்டான். நல்ல பகிடி என்று சிரித்தேன். கண்ணாடியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இரண்டு கண்ணும் டூ-ஸ்ட்ரோக் ஒயில் நிறம்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

பெரியாஸ்பத்திரியில் வாட்டில் சேர்த்தார்கள். ஜன்னலால் பார்த்தால் கடல். பக்கத்துக் கட்டிலில் ராசண்ணன், சல்லிக் கடற்கரை மீன்பிடித் தொழிலாளி, நுரையீரலில் சளி கட்டி வந்தவர். வந்த முதல் நாளே, அண்ணன் முறை வைத்து, நானாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். வாயுக்கோளாறு என்று சொல்ல வாயெடுத்தேன். என் கண்ணே மஞ்சளாய் நின்று என்னைக் காட்டிக்கொடுக்கும்போது எந்த வாயுவைச் சொல்வது? உள்ளதைச் சொன்னேன். குடும்பத்துக்கு வெளியே நான் சொன்ன முதல் மனிதர் அவர். அவர், தன் மகள் கொண்டுவந்த இடியப்பத்தைத் தட்டோடு நடுவில் இழுத்து வைத்தார், சம்பலை என் பக்கமாகத் தள்ளினார். அன்று என்னால் இரண்டு வாய்தான் சாப்பிட முடிந்தது. ஆனாலும் அந்த இரண்டு வாயை நான் மறக்கமாட்டேன்.

தினமும் காலையில் இரத்தம் எடுத்தார்கள். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பதற்கு. இரத்தத்தை உறைய வைக்கிற சாமானைச் செய்வது ஈரல். ஈரல் வேலை நிறுத்தம் செய்தால் உறைகிற நேரம் நீளும். என்னுடையது நீண்டுகொண்டே போனது. டொக்டர் வந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்வார், விரல் நடுங்குகிறதா என்று பார்ப்பார். பிறகு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்பார். எனக்கு அது பள்ளிக்கூடக் கேள்வியாகப் பட்டது. முதல் நாள், உங்களுக்குத் தெரியாதா டொக்டர் என்றேன். இரண்டாம் நாள், மிஸ்ஸி சிரிக்கிற கிழமை என்றேன். மூன்றாம் நாள் அவர் சிரிக்காமல் என் தலைமாட்டுக் கொப்பியில் ஏதோ எழுதினார்.

பிறகுதான் ராசண்ணன் விசாரித்து வந்து சொன்னார். ஈரல் சுத்தம் செய்யாத கழிவு மூளைக்கு ஏறினால் ஆள் குழம்பிப்போவானாம். அதைப் பிடிக்கத்தான் அந்தக் கேள்வியாம். என் பகிடிகளையெல்லாம் அவர்கள் குழப்பத்தின் அறிகுறியாக எழுதி வைத்திருந்தார்களாம். வாழ்நாளில் என் பகிடிக்கு அவ்வளவு கவனம் யாரும் கொடுத்ததில்லை.

ஐந்தாம் நாள், இனி ஒழுங்காகப் பதில் சொல்வோம் என்று முடிவெடுத்தேன். டொக்டர் கேட்டதும், வியாழன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ராசண்ணன் சிரித்தார். டொக்டரின் முகத்தைப் பார்த்ததும் அவரும் சிரிப்பை நிறுத்தினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அன்று அது வியாழனாகத்தான் இருந்தது. நான் பகிடி விடவில்லை.

அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குப் பயம் வரவில்லை. என் எஞ்சின் நிற்கலாம், சரி. ஆனால் பகிடி எது, குழப்பம் எது என்று பிரிக்கத் தெரியாமல் போனால், நான் என்று சொல்ல என்ன மிஞ்சும்? கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரலாம், வேறு ஒருவரின் ஈரலை வைக்கிற கதையும் வரலாம் என்று பரீதாவிடம் சொன்னார்கள். எனக்குத் தெரியாமல் சொன்னார்கள், அவள் முகத்தால் எனக்குத் தெரிந்தது.

ஏன் திடீரென்று இப்படி ஆனது என்று டொக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். குளிசை போட்டீர்களா என்று கேட்டபோதெல்லாம் ஓம் என்றேன். பரீதாவும் தன் கண்ணால் கண்டதாகச் சாட்சி சொன்னாள். அடுத்த நாள் பகல், நோயாளியைப் பார்க்கவிடுகிற நேரத்துக்கு அவள் வந்தாள். கையில் சோற்றுப் பாத்திரம் இல்லை. பிளக் பெட்டி இருந்தது. பட்டறையில் மீன்காரனுக்குக் கொடுக்கப் புது பிளக் தேடிய காக்கா, மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

பெட்டியை என் கட்டிலில் கவிழ்த்தாள். குளிசைகள் படுக்கைச் சீலையில் உருண்டன.

"எண்ணிப் பாருங்க," என்றாள். "ஒவ்வொண்ணும் ஒரு நாள். எனக்கு முன்னால வாயில வைச்சுக் காட்டின நாள்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். டொக்டர் வந்து நின்றார். எல்லாவற்றையும் கக்கினேன்: காக்கா ஓடியது, அவருடைய பெயரில் ஊசி போட்டது, ஒரு எஞ்சினுக்கு இரண்டு பாஸ் ஆகாது என்பது வரைக்கும். ராசண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவருடைய முதுகு குலுங்கியது.

டொக்டர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவருக்கு அன்று நேரம் இருந்ததா, என் சட்டத்தில் ஒரு நியாயம் தெரிந்ததா, தெரியாது.

"உங்கட சட்டம் சரி பாஸ்," என்றார். "ஆனா எஞ்சின் எத்தனை எண்டு எண்ண மறந்திட்டீங்க. குளிசை உங்கட எஞ்சினுக்கு. ஊசி உங்கட மனிசி பரீதாட எஞ்சினுக்கு. ரெண்டு பாஸ், ரெண்டு எஞ்சின். எங்க மோதுறது?"

பிறகு விளக்கினார். கள்ளன் வருவதற்கு முன் அவனுடைய முகத்தை உடம்புக்குக் காட்டிக்கொடுப்பது ஊசி. பிறகு அவன் வாசலுக்கு வந்தால் உடம்பு அடையாளம் கண்டு பிடிக்கும். என் வீட்டிலோ கள்ளன் உள்ளே வந்து பல வருஷம் ஆயிற்று. என் உடம்பு அவனை வீட்டாள் என்றே எண்ணிச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது. அவனுடைய படத்தை இனிக் காட்டி என்ன பயன்? அவனுக்கு விலங்குதான் வேண்டும். அந்த விலங்கு குளிசை. நான் அதைக் கழற்றிவிட்டேன். இரண்டரை மாதத்தில் அவன் பெருகினான், உடம்பு திடுக்கிட்டு எழும்பி அவனோடு சண்டை போட்டது, சண்டை நடந்த இடம் ஈரல், அடிபட்டதும் ஈரல்.

அப்படியானால் ஊசியும் குளிசையும் ஒன்றுக்கொன்று போட்டியே இல்லையா என்று கேட்டேன். சில நேரம் இரண்டும் ஒரே அறைக்குள் சேர்ந்து நிற்கும் என்றார். வைரஸ் அதிகம் உள்ள தாய் ஒருத்தி கர்ப்பமாக இருந்தால், கடைசி மாதங்களில் அவளுக்குக் குளிசை. பிள்ளை பிறந்த கையோடு பிள்ளைக்கு ஊசி. தாய்ப் பக்கம் ஒன்று அடக்குகிறது, பிள்ளைப் பக்கம் ஒன்று மறிக்கிறது. ஊசி போட்டாகிவிட்டதே என்று குளிசையை விட்டாலும் பிழை, குளிசை இருக்கிறதே என்று ஊசியை விட்டாலும் பிழை. ஒன்று இருப்பவருக்கு, மற்றது இல்லாதவருக்கு. குளிசை எடுத்து என் வைரஸ் குறைந்தால் என்னால் மற்றவருக்குப் போவதும் குறையும். ஊசி எடுத்தவருக்கு வந்தாலும் ஒட்டாது. இரண்டு பக்கத்தாலும் வழி அடைபடும்.

இருபத்தைந்து வருஷமாக நான் பட்டறையில் சொல்லிவந்த சட்டத்தை ஒரு இளம் பிள்ளை ஐந்து நிமிஷத்தில் திருத்திவிட்டுப் போனாள். போகும்போது திரும்பி, காக்காவின் அட்டையில் உங்கட ஊசி இருக்கு, அவரை முதலாம் ஊசியில இருந்து தொடங்கச் சொல்லுங்கோ என்றாள். அந்தச் செய்தியைக் காக்காவுக்குக் கொண்டுபோன பரீதாவைக் கண்டு அவர் மறுபடி நிழல் தேடினாராம். இம்முறை அவள் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

குளிசையை அன்றே மறுபடி தொடங்கினார்கள். மிஸ்ஸி முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ராசண்ணன் அதற்குக் கைதட்டுவார். ஒரு கிழமை எதுவும் அசையவில்லை. பிறகு உறைகிற நேரம் கொஞ்சம் குறைந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு காலை டொக்டர் கிழமை கேட்க, செவ்வாய் என்றேன். சரியாக இருந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். மூன்று கிழமையில் வீட்டுக்கு வந்தேன். உடுத்த சாரம் இடுப்பில் நிற்கவில்லை, கண் மட்டும் வெள்ளையாகத் தொடங்கியிருந்தது.

அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சலூன்காரன் எனக்குத் தனிப் பிளேட் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். எல்லோருக்கும் தனிப் பிளேட் போட வேண்டியது உன் தொழிலடா என்று நானும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

கல்யாணத்துக்கு ஐந்து கிழமைக்கு முன் சம்பந்தி வந்தார். மாப்பிள்ளையின் வாப்பா, மூதூரில் நெல் வியாபாரம், சத்தமாகக் கதைக்காத மனிதர். கல்யாணம் நிற்கப் போகிறது என்று ஹஸ்னா சமையல் குசினி வாசலில் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவர் அதைச் சொல்ல வரவில்லை. வெகுநேரம் மழையைப் பற்றிக் கதைத்தார். எழும்பும்போதுதான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: முதல் சஹனில் பெரியவர்கள் இருப்பார்கள், கதை வேண்டாம், உங்களுக்கு ஒரு தனிப் பீங்கானில் போட்டு வைப்போம், பக்கத்திலேயே, மரியாதையாக.

கல்யாணத்தை நிறுத்தினாலும் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது. டொக்டர் சொன்னதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. வாசலில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்தேன். பார்ப்போம் சம்பந்தி என்றேன். அது சம்மதம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

அன்று பகல் ஹஸ்னா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வாப்பா, தனிப் பீங்கானில சாப்பிட்டீங்கண்டா நான் மணவறையால எழும்பி வந்து அதே பீங்கானில கை வைப்பன். சொல்லிட்டன்," என்றாள்.

குழந்தையில் ஊசிக்குப் போட்ட கூச்சல் அவளுக்குள் அப்படியே இருந்தது.

கல்யாண நாள். பந்தலுக்குள் பாய் விரித்து, சஹன் வரிசை வைத்தாயிற்று. முதல் சஹனில் மாப்பிள்ளை, அவர் பக்கத்தில் சம்பந்தி, மூதூர்ப் பெரியவர் ஒருவர். கொஞ்சம் தள்ளி, துணி போட்டு மூடிய ஒரு பீங்கான். எனக்கு.

நான் பீங்கானைத் தாண்டிப் போய்ச் சஹன் முன்னால் சம்மணம் கட்டினேன்.

வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். "எனக்கு ஹெபடைடிஸ் பி. அது சோத்தால வராது, கையால வராது. இரத்தத்தால வரும். இண்டைக்கு இங்க ஒருத்தரையும் வெட்டுற எண்ணம் எனக்கில்ல. நம்பாதவங்க எழும்பலாம். எழும்புறவங்கட இறைச்சி மிச்சப் பேருக்கு."

மூதூர்ப் பெரியவர் எழும்பினார். வேறு எங்கோ வேலை இருப்பது மாதிரி மெல்லப் போனார். மாப்பிள்ளை அசையவில்லை. சம்பந்தி குனிந்து சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பிய இடத்தில் தொப்பென்று ஒருவர் உட்கார்ந்தார். ராசண்ணன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு.

"ஆஸ்பத்திரியில நானாவோட ஒரே தட்டில மூண்டு கிழமை சாப்பிட்டனான்," என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "சளிதான் போனது. உசிர் இருக்கு."

அவருக்கு அடுத்துக் காக்கா வந்து இருந்தார். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டியிருந்தார், இரண்டு ஊசி போட்ட இடத்தை ஊர் பார்க்க வேண்டுமாம். தழும்பு ஒன்றும் இல்லை, வெறும் கை. ஆனாலும் பந்தல் சிரித்தது. ஆறாவது இடத்துக்கு ஆள் வரவில்லை. ஐந்து கையோடு தொடங்கினோம்.

கோழியைப் பிய்த்து எல்லோருக்கும் பங்கு வைப்பது சஹனில் மூத்தவரின் வேலை. மூத்தவர் சம்பந்தி. அவர் கோழியைத் தொடவில்லை. நாங்கள் வெறும் சோற்றை ஓரத்தில் கிளறிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் என் சட்டைப் பையில் அலாரம் அடித்தது. ஒரு மணி.

அணைக்கவில்லை, அடிக்கவிட்டேன். இடது கையால் குளிசையை எடுத்து, எல்லோரும் பார்க்க வாயில் வைத்து, தண்ணீர் குடித்து விழுங்கினேன். பழக்கதோஷத்தில் ராசண்ணனுக்கு நாக்கைத் தூக்கிக் காட்டினேன். அவரும் பழக்கதோஷத்தில் கைதட்டினார்.

சம்பந்தி என்னையே பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கோழியைப் பிய்த்தார். நெஞ்சுத் துண்டைத் தன் விரலால் என் பக்கமாகத் தள்ளி வைத்தார். என் விரல் பட்ட சோற்றில் அவருடைய விரல் பட்டது. அவர் கையை இழுக்கவில்லை.

"அண்டைக்கு வந்திட்டுப் போன கிழமையே முதல் ஊசி போட்ட நான்," என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ரெண்டாவது வாற கிழமை. உங்களோட சாப்பிடத்தான்."

சம்பந்தி, ஒரே சஹனில் சாப்பிடுவதற்கு அந்த ஊசி தேவையே இல்லை என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. வாழ்நாளில் மூடிப் பழகாத வாய். அவர் தள்ளின நெஞ்சுத் துண்டை எடுத்து, முழுதாக அதற்குள் வைத்து அடைத்துக்கொண்டேன்.